பாட்டன் பெயர் எங்கே?

குடும்ப வரலாறு அரண்மனைக்காரருக்கே உரியது என்று எண்ணுவோர் உண்டு. செப்பேடும் பட்டயமும் நமக்கில்லைதான். ஆயினும் நம் பாட்டன்மாரின் பெயர்களைச் சர்க்கார் எழுதிவைத்தது, நிலத்தின்பொருட்டும் கூலியின்பொருட்டும்.

நம் பெரும்பாக்கம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். 1891ஆம் ஆண்டு அம்மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர், குடியிருந்த மனையும் சொந்தமின்றி மிராசுதாரரை அண்டிக் கிடந்த நம் மக்களின் நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். 1892இல் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது இதுதான். பத்தாண்டு வரை எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னும் நம்மவர்க்கன்றிப் பிறர்க்கு ஆகாது.

ஆதலின் இளைஞர் முதலில் காணவேண்டியது கிராம ‘அ’ பதிவேடு. அதில் பழைய சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நிலப் பதிவேடுகளைத் தேடலாம். அங்கே கொள்ளுப்பாட்டன் பெயர் கிடைத்தால் அது வெறும் பெருமையன்று; நிலத்தைக் கேட்பதற்கான சான்று. காரணைப் பஞ்சமி நிலத்திற்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானதை நாம் மறப்பதற்கில்லை.

ஊரைவிட்டுப் போனவர்க்கும் ஏடு உண்டு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, தாலுக்கா, கிராமம் யாவும் உள. உடலின் தழும்பைக்கூட எழுதினார்கள்; அன்பினால் அன்று, ஓடிப்போனால் பிடிப்பதற்கு!

நிலப் பதிவேடுகளில் பெண்கள் பெயர் அரிது. அதற்குப் பாட்டியிடமே செல்லவேண்டும்: பிறந்த ஊர் எது, குலதெய்வம் எங்கே, நாற்று நட்டது யார் கழனியில்? நகரத்துக் குடிசைப்பகுதிகளிலிருந்து இங்குக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் பழைய தெருவின் பெயரையும் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையையும் இப்போதே பத்திரப்படுத்துக.