நாட்டுக் கத்தரி: விதைப் பேணலும் விருத்தியும்

உழவர்கள் பரம்பரையாகத் தம் தோட்டத்திலேயே விதையெடுத்து, அவ்வவ்வூர் மண்ணுக்கும் நீருக்கும் ருசிக்கும் இணங்கத் தேர்ந்து வளர்த்துவந்த கத்தரி ரகங்களுக்கு நாட்டுக் கத்தரி என்பது பொதுப்பெயர். இவற்றுள் கீர்த்தி பெற்ற வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீரிய ஒட்டு விதையின் காயிலிருந்து எடுத்த விதையை மறுபடி விதைத்தால், சந்ததியில் குணங்கள் பலவாறாகப் பிரிந்துவிடும். நாட்டு ரகமோ கலப்பு நேராமல் காத்தால் தாய்ச்செடியையே பெரிதும் ஒத்து வரும். பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் (2001), உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும் பரிமாறிக்கொள்ளவும் வணிகப் பெயரிடாமல் விற்கவும் உரிமையளிக்கிறது.

கத்தரிப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதாயினும், தேனீக்கள் அயல் மகரந்தத்தைக் கொணர்வதுண்டு. பிற கத்தரி ரகங்களிலிருந்து சான்று விதைக்கு 100 மீட்டரும் ஆதார விதைக்கு 200 மீட்டரும் இடைவெளி வேண்டுமென்பது விதைச்சான்று நியமம். ஓர் ஏக்கர்த் தோட்டக்காரருக்கு இது அசாத்தியமாகையால், மொட்டு விரியுமுன் மெல்லிய துணிப்பை கட்டி, பிஞ்சு பிடித்தபின் அவிழ்த்து, காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் செய்துகொள்ளலாம்.

விருத்தி என்பது தேர்வைப் பொறுத்தது. ரசாயனம் படாத நிலத்தில் தண்டுத் துளைப்பானுக்கும் சிற்றிலை நோய்க்கும் ஈடுகொடுத்து நிற்கும் செடி எதுவென்பதை அந்த நிலத்திலேயே பார்த்தறிய வேண்டும். அப்படிப்பட்ட பல செடிகளிலிருந்து விதையெடுத்தாலன்றி ரகத்தின் உள்வளம் குன்றிப்போகும். நல்ல காயையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, ஓய்ந்த செடியில் மிஞ்சிய கடைக்காயை விதைக்கு விடும் வழக்கம் ரகத்திற்குச் செய்யும் கேடு பெரிது. வறுமையில் பிறந்த வழக்கமாயினும், அதை விட்டாக வேண்டும். முதற் பறிப்புகளிலேயே சிறந்த காய்களை விதைக்கென்று ஒதுக்குதல் அவசியம்.

ஒதுக்கிய காய் செடியிலேயே முற்றி, ஊதா மங்கி மஞ்சள் பாரித்தபின் பறித்துச் சில நாள் வைத்திருந்து, அரிந்து, தண்ணீரில் பிசைந்தால், சதையும் பொக்கு விதையும் மிதக்க, திரண்ட விதை அடியில் தங்கும். அதை அலசி, முறத்தில் பரப்பி நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, சுரைக்குடுக்கையிலோ மண்கலயத்திலோ இட்டு வாயை அடைத்து, ரகத்தின் பெயரும் எடுத்த ஆண்டும் எழுதிவைப்பர்.