கொல்லி தந்த கலைச்செல்வம்



ஆடித் திங்களில் அறப்பளீசுரப் பெருமானை வழிபட மலையேறி வந்திருக்கின்றீர்கள். 70 வளைவுகளைக் கடந்து, ஐயாற்றில் நீராடி, தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றாகிய இத்திருக்கோயிலின் முன் அமர்ந்திருக்கின்றீர்கள். இம்மலை தேனும் பலாவும் தினையும் விளைத்த மலை என்பதை யாவரும் அறிவோம். கலையையும் விளைத்த மலை இது என்பதை இன்று ஒரு சிறிது சிந்திப்போம்.

தமிழில் ‘எழுதுதல்’ என்னும் சொல் ஏட்டில் எழுதுவதற்கு மட்டும் உரியதன்று. ஓவியம் தீட்டுவதும் எழுதுதலே. பாவை சமைப்பதும் எழுதுதலே. புலவனையும் சிற்பியையும் ஒரே சொல்லால் கட்டி வைத்தது நம் மொழி. இதற்குத் தலைசிறந்த சான்று கொல்லிப் பாவை. கொல்லியின் மேல்பால் வரையில் தெய்வம் எழுதிய பாவை என்று பரணர் குறுந்தொகையிலே குறிப்பிடுகின்றார். பூதம் அமைத்தது என்கின்றது நற்றிணைப் பாட்டு ஒன்று. சூறைக்காற்று மோதினும், பெருமழை பொழியினும், இடி விழினும், நிலமே அதிரினும் தன் எழில் குன்றாதது அப்பாவை என்று அதே நற்றிணையில் பரணர் வியக்கின்றார். பகைவரை நகைத்து மயக்கிக் கொல்லும் பொறிப்பாவை அது எனப் பிற்காலத்தார் உரைப்பர். இன்றும் எட்டுக்கை அம்மனைக் கொல்லிப் பாவை எனவே இம்மலை மக்கள் வணங்குகின்றனர்.

அதனைச் செய்த சிற்பியின் பெயரை எப்பாட்டும் கூறவில்லை. தெய்வம் செய்தது என்றே உலகம் சொல்லிற்று. செய்தவன் மறைந்து செய்பொருள் நிற்பது கலைக்கு வாய்த்த பெரும்பேறு அன்றோ!

இனிப் புலவரிடம் வருவோம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி இம்மலைக்குத் தலைவன். அவனை வன்பரணர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 152, 153 எனும் எண்களில் நிற்கின்றன. ஏட்டில் கிடந்த அந்நூலை 1894-ஆம் ஆண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வழங்கியிராவிடின், ஓரியை நாம் இவ்வளவு அணுக்கமாக அறிந்திருப்போமா?

முதற்பாட்டின் திறத்தைக் காணுங்கள். வேடன் ஒருவன் விட்ட ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிலே சென்று தைக்கின்றது. இவன் யாவனோ, வறியவன் போலத் தோன்றவில்லையே, ஓரிதானோ, அல்லனோ என்று புலவர் ஐயுறுகின்றார். உடனே விறலியரை விளித்து, முழவும் யாழும் தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் இயம்பச் செய்து, இருபத்தொரு துறையும் பாடி, இறுதியில் ‘கோ’ என்று அழைக்கின்றார். அது தன் பெயராதலின் வேடன் நாணுகின்றான். அந்த நாணமே அவனைக் காட்டிக் கொடுத்தது! ‘ஓரி வள்ளல்’ என்று முதலடியிலேயே கூறியிருந்தால் புகழுரை பிறந்திருக்கும், கவிதை பிறந்திராது. பெயரை மறைத்து வைத்து, நாணத்தால் வெளிப்படுத்திய அந்நுட்பமே கவித்தொழில். பின்னர் அவன் ஊனும் தேறலும் தந்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிக்குவையையும் காட்டு வழியிலேயே வழங்கினான்.

அடுத்த பாட்டில் ஒரு செய்தி நம்மை நின்று சிந்திக்கச் செய்கின்றது. பாணர் சுற்றத்தார், நீரிற் பூவாத குவளையை, அதாவது வெண்ணாரால் தொடுத்த மணிப்பூவையும், அணிகலனையும் யானைகளையும் பெற்றனர். பசி தீர்ந்தது. தீர்ந்ததனால் ஆடவும் மாட்டாராயினர்; பாடுதலையும் மறந்தனர் என்கின்றார் புலவர். வள்ளன்மைக்கு இதனினும் பெரிய புகழ் இல்லை. ஆயினும் கலைஞர்க்கு இஃது எச்சரிக்கையும் ஆகும்.

அடியேன் இதனை ஏட்டளவில் மட்டும் அறிந்தவன் அல்லேன். இளமையில் ஓர் ஊரில் அடியேனுக்குப் பொன்னாடையும் பணமுடிப்பும் அளித்தனர். அம்மகிழ்ச்சியில் ஓராண்டு நூலைப் புரட்டவில்லை. மறுவிழாவிற்குச் சென்று பழைய சொற்பொழிவையே நிகழ்த்தினேன். முடிந்ததும் முதியவர் ஒருவர் அருகில் வந்து, “ஐயா, சென்ற ஆண்டும் இவ்விடத்தில்தான் கண்ணீர் விட்டீர்கள்” என்றார். அன்று பட்ட நாணம் இன்றும் ஆறவில்லை.

அங்ஙனமாயின் கொடாமலிருப்பது நன்றோ? அன்று. அதே ஓரியிடம் வந்த கழைதின் யானையார் விடை கூறுகின்றார். இரத்தல் இழிவு, இல்லையென மறுத்தல் அதனினும் இழிவு. கொள்க எனக் கொடுத்தல் உயர்வு. கொள்ளேன் என்றல் அதனினும் உயர்வு. கொடுப்போன் கடமையும் கொள்வோன் மானமும் ஒரே துலாக்கோலில் நிறுக்கப்பட்டன. பரிசில் பெறாதவிடத்தும் உன்னை வெறுக்கமாட்டேன் என்றும் அப்புலவர் கூறினார். கை ஏந்தினாலும் தலை தாழாத நிலை அது.

பிற்காலத்தே இராம நாடகம் பாடிய சீகாழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) மைந்தர் அம்பலவாணக் கவிராயர், இப்பெருமான்மீது அறப்பளீசுர சதகம் பாடினார். நல்லில்லாள், நன்மக்கள், ஆசிரியர், மாணாக்கர் எனக் குடும்ப வாழ்வுக்கு வேண்டும் நீதிகளை அடுக்கும் நூல் அது. தம்மை ஆதரித்த மதவேளை அவர் பாட்டுத்தோறும் வைத்தார், எவ்வாறு வைத்தார்? நாளும் இறைவனை நினைக்கும் அடியவனாக வைத்தார். நன்றியும் மறக்கவில்லை, புரவலனை இறைவனுக்கு மேலும் ஏற்றவில்லை.

ஓரியோ மலையமான் திருமுடிக்காரியாற் கொல்லப்பட்டான். கொல்லி சேரர் கைக்குச் சென்றது. கபிலர் குறுந்தொகையில் பாவையைப் பாடியபோது ஓரியின் கொல்லி என்றார். பரணர் பாடியபோது பொறையனின் கொல்லி என்றார். உடையவன் மாறினான், பாவை மாறவில்லை, பாட்டும் மாறவில்லை.

அன்பர்களே! இவ்விழாவில் நாகசுரம் இசைப்போரும், பண்ணொடு தேவாரம் ஓதுவோரும், தேரைச் செதுக்கிய தச்சரும் அவ்வழியில் வந்தவர்களே. அவர்கள் பசியோடு திரும்பினால் பழி நம்மது. பசி தீர்ந்தபின் கலையை மறந்தால் பழி அவர்களது. இவ்விரு பழியும் இம்மலையில் நேராதிருக்க அறப்பளீசுரர் அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.