மூச்சை அளந்த அறிஞர்

மாணவர் நிறைந்த வகுப்பறையின் சன்னல்களைச் சாத்திவிட்டால் சற்று நேரத்தில் புழுக்கமும் அயர்வும் தோன்றுவதை நீங்கள் அறிவீர்கள். காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எண்ணால் சொல்ல முடியுமா? முடியும் என்று 1858-இல் காட்டினார் ஜெர்மனியின் மியூனிக் நகர அறிஞர் மாக்ஸ் பெட்டன்கோபர்.

அறைக் காற்றைப் பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலுடன் குலுக்கினால் அதிலுள்ள கரியமில வாயு வெண்ணிறப் படிவாக மாறும். எஞ்சிய காரத்தை அளந்து வாயுவின் அளவைக் கணக்கிட்டார். அந்தச் சிறு அளவு நஞ்சன்று. மனிதர் விட்ட மூச்சு அறையில் தேங்கியிருப்பதற்கு அடையாளம். 1,000 பங்கு காற்றில் அது 1 பங்கைத் தாண்டலாகாது என்றார்.

கொரோனா காலத்தில், 2021-இல், இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு இவ்வாயுவை அளக்கும் மின்னணுக் கருவிகள் வழங்கப்பட்டன. உங்கள் வகுப்பில் கருவி இல்லையா? சன்னல் இருக்கிறதே, திறந்து வையுங்கள்!