ஒரு பக்கத்துக்கு எத்தனை சுட்டி?

அச்சிடுவது பற்றிய ஓர் உதவிப் பக்கத்தில் 'மார்ஜின்' என்ற சொல் பத்து இடத்தில் வருகிறது என்று வையுங்கள். பத்துக்கும் சுட்டி கொடுப்பதா, முதல் இடத்துக்கு மட்டுமா? சின்னக் கேள்விதான். ஆனால் இதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது.

1983-ல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேன் தொடங்கிய திட்டம் பிறகு 'ஹைப்பர்டைஸ்' என்று பெயர் பெற்றது. வாக்கியத்தில் இருக்கும் சொல்லையே தேர்ந்தெடுத்து அடுத்த கட்டுரைக்குப் போகலாம். அந்தச் சொற்களுக்கு எந்த நிறம் என்று சோதித்துப் பார்த்தார்கள். சிவப்பு பளிச்சென்று தெரிந்தது, ஆனால் படித்த விஷயம் மனதில் தங்குவது குறைந்தது. நீலம் ஜெயித்தது. ஆக, சுட்டி இலவசம் இல்லை; படிப்பவரின் கவனத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறது.

1990-ல் வந்த விண்டோஸ் 3.0 உதவியில் சுட்டிகள் பச்சை. அடியில் முழுக்கோடு என்றால் வேறு பக்கம். புள்ளிக்கோடு என்றால் அங்கேயே சின்னப் பெட்டியில் விளக்கம். என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே நாகரிகமான ஏற்பாடு. சொடுக்கும் முன்பே எங்கே போகிறோம் என்று தெரிந்துவிடுகிறது. சாதாரண வலைச் சுட்டியில் அது தெரியாது.

அளவு மீறினால் என்ன ஆகும்? உதவிப் பக்கம் இல்லையென்றாலும் ஆங்கில விக்கிப்பீடியாதான் நல்ல உதாரணம். தேதியைச் சுட்டியாக்கினால், அவரவர் விரும்பும் வரிசையில் (மாதம் முதலில், அல்லது நாள் முதலில்) அதைக் காட்டும் வசதி அங்கே 2003-ல் வந்தது. பலன், கணக்கு வைத்து அந்த அமைப்பை மாற்றியவர்களுக்கு மட்டும். நீல நிறமோ எல்லோர் கண்ணிலும்! ஒரு விஞ்ஞானியின் பிறந்த நாளைச் சொடுக்கினால், அந்தத் தேதியில் உலகத்தில் நடந்த அத்தனையும் வரும். விஞ்ஞானி பற்றி? அநேகமாக ஒரே ஒரு வரி. ஆகஸ்ட் 2008-ல் அவர்களுடைய நடைக் கையேடு இந்த வழக்கத்தைக் கைவிட்டது. உடனே சண்டை. ஒரு கூட்டம் நீக்க, இன்னொரு கூட்டம் திரும்பப் போட, 2009-ல் விவகாரம் நடுவர் குழு வரை போனது. கடைசியில் தேதிச் சுட்டிகளை நீக்கத் தானியங்கி நிரலை இறக்கினார்கள்.

அதற்காக 'முதல் தடவை மட்டும்' என்பதும் உதவிப் பக்கத்துக்குச் சரிவராது. அச்சு வராமல் தவிக்கிறவர் யார் மேலிருந்து படிக்கிறார்? நேராக நான்காவது தலைப்பில் குதிப்பார். தலைப்புக்கு ஒரு தடவை, அதுவும் புரியாத சொல்லுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.