உள்ளிழுத்த மூச்சின் இசை

மண்ணால் வனைந்த மனிதனின் நாசியில் இறைவன் தம் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்க நூல் கூறுகிறது. அந்த மூச்சைக் கொண்டு மனிதன் எத்தனையோ கருவிகளை இசைத்திருக்கிறான். குழலும் எக்காளமும் மூச்சை வெளியே விட்டு ஊதப்படுபவை. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் ஒலிக்கின்ற எளிய கருவி ஒன்று உண்டு. மவுத் ஆர்கன் என்று நாம் அழைக்கும் ஹார்மோனிக்காவே அது. அக்கருவியில் 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பதிவான 'ஜூக்' என்னும் புளூஸ் இசையின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

ஜெர்மனி நாட்டின் டிராசிங்கன் என்னும் சிற்றூரில் மத்தியாஸ் ஹோனர் 1857-இல் ஹார்மோனிக்கா செய்யத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1896-இல் 'மரைன் பேண்ட்' என்னும் பத்துத் துளைக் கருவியை வெளியிட்டது. ஐரோப்பிய நாட்டுப்புற மெட்டுகளை ஊதி மகிழ்வதற்கென்றே அமைந்த கருவி அது. கடல் கடந்து அமெரிக்காவின் தென் மாநிலங்களை அடைந்தபோது, பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் கைகளில் அது வேறொரு குரலைப் பெற்றது. ஊதும் ஒலியை விட்டுவிட்டு, மூச்சை இழுக்கும்போது எழும் ஒலியை அவர்கள் ஆதாரமாகக் கொண்டனர். அவ்வாறு இழுக்கையில் நாவையும் தொண்டையையும் சற்றே மாற்றினால் சுரம் வளைந்து இறங்கும். மனிதன் விம்முவது போல ஒலிக்கும். செய்தவர்கள் எண்ணிப் பாராத அழுகையையும் சிரிப்பையும் அடிமைகளின் வழித்தோன்றல்கள் அதற்குள் கண்டெடுத்தனர்.

'ஜூக்' இசையைத் தந்தவர் மேரியன் வால்டர் ஜேக்கப்ஸ். 'லிட்டில் வால்டர்' என்பது அவருக்கு வழங்கிய பெயர். பிறந்த ஆண்டு 1930 எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. பிறந்த ஊர் லூசியானா மாநிலத்தின் மார்க்ஸ்வில். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக் காலங்களின் கத்தோலிக்க மரபையொட்டி, அம்மாநிலத்தில் மாவட்டங்கள் இன்றளவும் 'பங்கு' என்ற சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. ஏறத்தாழ 12 வயதில் பள்ளியைவிட்டு வெளியேறிய அச்சிறுவன், கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டும் தெருவில் வாசித்துக்கொண்டும் ஊர் ஊராக அலைந்தான். 1940-களின் இடையில் சிகாகோ வந்து சேர்ந்தான். நிறவெறிச் சட்டங்களுக்கும் வறுமைக்கும் தப்பித் தெற்கிலிருந்து இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த காலம் அது.

சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருவில் அந்நாளில் ஞாயிறுதோறும் சந்தை கூடிவந்தது. அங்கே வாசித்த கலைஞர்களுக்கு இரைச்சலே பெரும் தடை. மின்சாரக் கிட்டார்கள் பெருகிய மதுக்கூடங்களிலோ சிறு ஹார்மோனிக்காவின் ஒலி அமுங்கியே போயிற்று. வால்டர் எளிய ஒலிவாங்கி ஒன்றைக் கருவியோடு சேர்த்து இரு கைகளுக்குள் பொத்தி, ஒலிபெருக்கியில் இணைத்து வாசித்தார். மெல்லிய ஒலி தடித்து, முரடாகி, எக்காளம் போல் முழங்கியது. ஒலிபெருக்கியைப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். 1948-இல் ஸ்னூக்கி பிரையர் பதிவு செய்த இசையொன்றின் தொடக்கம் 'ஜூக்'கின் தொடக்கத்தை ஒத்திருக்கிறது. தெருவில் பலர் சேர்த்துவைத்த செல்வத்தை வால்டர் முழுமையாக்கினார் எனலாம்.

அக்காலத்தில் அவர் மடி வாட்டர்ஸ் என்னும் பாடகரின் குழுவில் இருந்தார். மேடையில் அக்குழுவினர் வாசித்துவந்த மெட்டு ஒன்று 1952 மே 12 அன்று பதிவாயிற்று. அதில் ஒரு சொல்லும் இல்லை. மடி வாட்டர்சும் ஜிம்மி ரோஜர்சும் கிட்டார் இசைக்க, எல்ஜின் எவன்ஸ் முரசு கொட்ட, ஹார்மோனிக்கா தனித்துப் பேசியது. தென்னகச் சிற்றூர்களில் கறுப்பின உழைப்பாளர்கள் குடித்தும் ஆடியும் களைப்பாறிய எளிய கூடங்களை நினைவூட்டும் 'ஜூக்' என்ற பெயரோடு அது வெளிவந்தது. ரிதம் அண்ட் புளூஸ் விற்பனைப் பட்டியலில் 8 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஹார்மோனிக்கா தலைமை ஏற்ற சொல்லற்ற இசை வேறெதுவும் அப்பட்டியலில் முதலிடம் கண்டதில்லை.

புகழ் வந்தது, அமைதி வரவில்லை. குடியும் கைகலப்பும் வால்டரின் வாழ்வைச் சிதைத்தன. 1968 பிப்ரவரி 15 அன்று, சண்டையொன்றுக்குப்பின், 37-ஆம் வயதில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். சிகாகோவை அடுத்த எவர்கிரீன் பார்க்கிலுள்ள புனித மரியன்னை கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 23 ஆண்டுகள் அக்கல்லறையில் பெயர் பொறித்த கல் எதுவும் இல்லை. 1991-இல் அவருடைய இசையை நேசித்த இருவரின் முயற்சியால் அங்கே கல் நாட்டப்பெற்றது. 2008-இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவருக்கு இடமளித்தது.

கறுப்பின ஆலயங்களில் பலர் புளூஸ் இசையைச் 'சாத்தானின் இசை' என்று ஒதுக்கினர். ஆயினும் 1955-இல் வால்டருக்கு மீண்டும் முதலிடம் பெற்றுத் தந்த 'மை பேப்' என்னும் பாடலின் மெட்டு, விண்ணகம் செல்லும் தொடர்வண்டியைப் பற்றிய பக்திப் பாடலொன்றிலிருந்து பிறந்ததே. ஆலயத்திற்கும் மதுக்கூடத்திற்கும் இடையே மனிதர் எழுப்பிய சுவரை மெட்டு எளிதாகக் கடந்தது. ஏனெனில் இரண்டு இடங்களிலும் ஏங்கியவை ஒரே மக்களின் உள்ளங்களே.

வால்டரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவருடைய குறைகளை மறைக்கவும் வேண்டியதில்லை. நாம் கற்க வேண்டியது வேறு. மனிதனின் வீழ்ச்சியைக் காண்பதில் விரைவும், அவனுக்கு இறைவன் ஈந்த கொடையைக் காண்பதில் தாமதமும் நம்மிடையே மிகுதி. வால்டருக்குத் தன் மண்ணில் இடம் தந்த அத்தோட்டத்தில் அவருடைய பெயர் எழுத 23 ஆண்டுகள் ஆயின. நவம்பர் மாதத்தில் நம் முன்னோர் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, சற்றுத் தள்ளிப் பெயரின்றிக் கிடக்கும் மண்மேடுகளையும் நோக்குவோம். அங்கே உறங்குவோரும் இறைவனின் மூச்சைப் பெற்றவர்களே. அவர்களுக்காகவும் ஒரு திரி ஏற்றுவோம்.