தோட்டத்து கேட் யாரைக் காக்குது?

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்க நாலு பேர், இரண்டு பை நிறைய சிறுவர் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பதுளையில் பஸ் ஏறி ஒரு தோட்டத்துக்குப் போனோம். லயத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு ஒன்று ஆரம்பிக்கலாம் என்பதுதான் திட்டம். கேட்டில் நின்ற வாச்சர் அண்ணன் தடியை உயர்த்தவில்லை. "தொரைகிட்ட கடதாசி வாங்கிட்டு வாங்க தம்பி. இல்லாட்டி எனக்குத்தான் பேச்சு விழும்" என்றார். எங்களில் ஒருத்தன் பிறந்த வீடே அந்தக் கேட்டுக்கு உள்ளேதான் இருக்கு. அவனை மட்டும் உள்ளே விட்டார். மற்ற மூன்று பேரும் அவனுடைய அம்மா கையால் தேத்தண்ணி குடிக்க வேண்டுமென்றாலும் துரையின் கையெழுத்து வேண்டும்.

வாச்சர் அண்ணன் மேல் எங்களுக்குக் கோவம் இல்லை. அவர் வேலையை அவர் செய்தார். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கேள்வி வந்தது. இந்த விதியால் யாருக்கு என்ன லாபம்? அதற்கான செலவை யார் கட்டுறாங்க? இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கும் முயற்சி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லா கேட்டும் அநியாயம் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் அணு உலைகள் இருக்கு. உலகத்திலேயே கடுமையான நுழைவு விதிகள் உள்ள வேலைத்தளங்களில் அணுமின் நிலையமும் ஒன்று. பின்னணி விசாரணை இல்லாமல் உள்ளே போக முடியாது. கதிர்வீச்சுப் பகுதிக்குள் போகிறவர் உடம்பில் ஒரு சின்ன அளவுமானி இருக்க வேண்டும். அவர் உடம்பு எவ்வளவு கதிர்வீச்சை வாங்கியது என்று அது கணக்கு வைக்கும். இந்தியாவில் ஒரு தொழிலாளிக்கான எல்லை ஐந்து வருடத்துக்கு 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள். கேட், அட்டை, அளவுமானி எல்லாம் வெளி ஆட்களிடமிருந்து உலையைக் காக்குது; உள்ளே வேலை செய்கிறவரையும் காக்குது. நேரமும் பணமும் செலவாகுது, ஆனால் வரவு யாருக்கு என்பது தெளிவாகவே இருக்கு.

அந்த விதியும் எப்போது கெட்டுப்போகும் என்பதை ஃபுகுஷிமா காட்டியது. 2011 விபத்துக்குப் பிறகு அங்கே துப்புரவு வேலைக்குப் போன துணை ஒப்பந்தத் தொழிலாளர்கள் சிலரிடம், அளவுமானியை ஈயத் தகட்டால் மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். 2012 ஜூலையில் இது வெளியே வந்தது. அளவு எல்லையைத் தொட்டால் வேலை போய்விடும், அதனால் உண்மையான கணக்கை மறைத்தார்கள். ஆளைக் காப்பாற்ற வந்த விதி, அவருடைய அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றி யோசிக்காததால், அவர் கையாலேயே மூடப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மலைக்கு வருவோம்.

தகரத் துண்டு

எங்க முப்பாட்டன்மாரும் தகடு போட்டுத்தான் வந்தார்கள். 1901 அளவில் தோட்டக்காரர்கள் தகரத் துண்டு முறையைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள்கட்டிய கங்காணி ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லையைக் கொடுப்பார். அதில் போய்ச் சேர வேண்டிய தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் அடையாளங்கள் இருக்கும். கையில் காசில்லாமலே பயணம் செய்யலாம், வழியில் சாப்பாடு கிடைக்கும், செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பஞ்சத்தில் இருந்த குடும்பத்துக்கு இது உதவியாகவே தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் செலவு கடைசியில் தொழிலாளியின் கடனாகவே எழுதப்பட்டது. வழியில் வேறு தோட்டக்காரன் ஆளைத் தட்டிக்கொண்டு போகாமல் இருக்கவும் தகடு உதவியது.

அணு உலையின் அளவுமானி உடம்புக்குள் போன ஆபத்தை எண்ணும். தகரத் துண்டு உடம்பில் போட்ட முதலை எண்ணியது. இரண்டையும் தொழிலாளிதான் போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே வருவதற்குத் தகரத் துண்டு, வெளியே போவதற்கு இன்னொரு துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் துரை எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். இந்த ஆளின் கடனைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்பதுதான் அதன் சாரம். புதுத் தோட்டம் கடனைக் கட்டும், அது புதுக் கணக்கில் திரும்ப ஏறும், இடையில் கங்காணியின் கையும் நனையும். மாற மாறக் கடன் கூடியதே தவிர குறையவில்லை. துண்டு இல்லாமல் ஓடினால் 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க வேலை ஒப்பந்தச் சட்டம் இருந்தது. சொல்லாமல் வேலையை விட்டுப் போவது அதன்படி சிறைக்குப் போகும் குற்றம்.

துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்டக்காரருக்கு வரவு: கொடுத்த முன்பணத்துக்குப் பாதுகாப்பு, கொழுந்துக் காலத்தில் ஆள் குறையாமல் இருப்பது. தொழிலாளிக்குச் செலவு: நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போகும் உரிமை. இந்த இரண்டாவது தொகை எந்தத் தோட்டத்தின் கணக்குப் புத்தகத்திலும் ஏறியதில்லை.

வெளியிலிருந்து வந்தவர்கள்

துண்டு போனாலும் கேட் போகவில்லை. இப்போது அது வெளியிலிருந்து வருபவரைத் தடுத்தது. தோட்டம் தனியார் நிலம், அனுமதி இல்லாமல் வருவது அத்துமீறல் என்பதுதான் வாதம். கோ. நடேசய்யர் முதன்முதலில் தோட்டங்களுக்குள் போனது துணி வியாபாரியாக என்று மலையக வரலாற்றில் சொல்வார்கள். யோசித்துப் பாருங்க. புடவை விற்பவர் உள்ளே வரலாம், தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றிக் கேட்பவர் வர முடியாது. எந்த ஆபத்துக்குப் பயந்து கேட் போட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஊவாவில் இது இன்னும் கடுமை. பதுளைக்கு ரயில் வந்ததே 1924-இல்தான். அதுவரை மலையும் தூரமுமே ஒரு பெரிய கேட்டாக இருந்தது. 1940 மே மாதம் அந்தக் கேட் கொஞ்ச நாள் திறந்தது. மலையகத்தில் பரவிய வேலைநிறுத்த அலை ஊவாவுக்கு வந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா பதுளையில் பெரிய கூட்டத்தில் பேசினார். வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தேர்தல் வைத்துத் தங்களுக்கென ஒரு சபையை அமைத்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசியே நடப்பதாகத் துரை ஒத்துக்கொண்டார். அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துவிட்டார்கள். பிறகு பொலிஸ் அடக்குமுறை வந்தது, வெள்ளம் ஊவாவை வெளியுலகத்திலிருந்து துண்டித்தது, ஜூன் மாதம் கட்சித் தலைவர்களைக் கைது செய்தார்கள். அலை அடங்கிவிட்டது. ஆனால் கேட்டுக்கு உள்ளே இருப்பவர்களும் விதி போடலாம் என்பதை வேவெஸ்ஸ ஒருமுறை காட்டிவிட்டது.

அத்துமீறல் வாதம் உள்ளே இருப்பவர்கள் மேலேயே பாய்ந்ததும் உண்டு. கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை 1946-இல் அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காக எடுத்தபோது, தொழிலாளர்களை லயத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். போகாதவர்கள் மேல் அத்துமீறல் வழக்கு. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1950-இல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பு வந்தது. தனக்கு உரிமை இருக்கு என்று நேர்மையாக நம்பி இருப்பவர், மற்றவருக்கு எரிச்சல் என்பதற்காக மட்டும் குற்றவாளி ஆகமாட்டார் என்பது அதன் சாரம். இந்தியாவிலும் இன்றுவரை வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். அதன் பின்னால் லயத்து மக்கள் இருக்கிறார்கள் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

1970-இல் இன்னொரு படி. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் நுழைவதற்கென்றே தனிச் சட்டம் வந்தது, அந்த ஆண்டின் 25-ஆம் இலக்கச் சட்டம். அதுவரை துரையின் தயவாக இருந்தது அதற்குப் பிறகு சட்டத்தின் உரிமை. கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளரைச் சந்திக்கச் சங்க அமைப்பாளர்கள் நாளுக்கு மூன்று மணி நேரம், வருடத்துக்கு 120 நாள் வரை உள்ளே போகலாம் என்ற விதி வந்ததே 1975-இல்தான். 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிலவுடைமையாளரின் சொத்துரிமைக்கு எதிரானது என்று தள்ளிவிட்டது. நம்மிடம் இருக்கும் சட்டம் சின்ன விசயம் இல்லை.

கேட் இருக்க வேண்டிய இடம்

ஆனால் அந்தச் சட்டம் சங்கப் பிரதிநிதிக்குத்தான். வாசிப்பு வகுப்பு நடத்தப் போகிறவருக்கும், லயத்தில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவருக்கும் இல்லை. 1992-க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பாதை தோட்டத்துடையது என்பதால், 2018-இல் சட்டத்தைத் திருத்தும் வரை பிரதேச சபை அதற்கு ஒரு ரூபாய் செலவழிக்கவும் தடை இருந்தது. பல இடங்களில் கடிதம் இன்றும் தோட்டத்து ஒபிஸ் வழியாகவே வருது. எங்க கூட்டத்தில் ஒரு தங்கச்சிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் கைக்கு வந்தது, பரீட்சை முடிந்து நாலாவது நாள். அந்தச் செலவையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

நிர்வாகம் சொல்லும் காரணங்களையும் நேர்மையாகப் பார்க்கலாம். கொழுந்துத் திருட்டு, மரக் கடத்தல், கசிப்பு. இவை உண்மை. ஸ்டோரில் இயந்திரம் ஓடும் இடத்தில் தெரியாத ஆள் நடமாடக் கூடாது, அதுவும் சரி. வெளியாரிடமிருந்து பாதுகாப்பு என்றும் சொல்வார்கள். 1977-இலும் 1981-இலும் 1983-இலும் லயங்களைத் தாக்க வந்த கும்பல்களை எந்தத் தடி நிறுத்தியது என்று எங்க அம்மாயியிடம் கேட்டால், அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

உண்மையில் தடை வேண்டிய இடங்களில் தடை இருக்கா? மருந்து அடித்த மலைக்குள் இத்தனை மணி நேரத்துக்கு யாரும் போகக் கூடாது என்ற போர்டை எங்க கூட்டத்தில் யாரும் தோட்டத்தில் பார்த்ததில்லை. கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிவு ஆபத்து இருக்கு, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005-இலும் 2011-இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியபோது ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். நூறு வருசத்துக்கு மேலாக யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்று எண்ணத் தெரிந்த ஒரு முறைக்கு, எந்தச் சரிவில் யாரும் தூங்கக் கூடாது என்று ஒரு கோடு போடத் தெரியவில்லை.

அதனால் கேட்டே வேண்டாம் என்று நாங்க சொல்லவில்லை. ஸ்டோருக்கும் மருந்து மலைக்கும் சரிவுக்கும் விதி போடுங்க, காரணத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் போடுங்க. லயம் ஒரு வீடு. வீட்டுக்கு வருபவருக்கு வீட்டுக்காரர் அனுமதி போதும். விதி போடும் மேசையில் உள்ளே இருப்பவர்களுக்கும் நாற்காலி இருக்கட்டும். இல்லாவிட்டால் நல்ல விதியையும் ஒருநாள் யாராவது ஈயத் தகட்டால் மூடுவார்கள்.

அன்றைக்கு இரண்டு பைகளையும் எங்க நண்பன் ஒருத்தனே இரண்டு தடவை நடந்து உள்ளே கொண்டுபோனான். கடதாசிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை. வகுப்பு நடக்குது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் கேட்டைத் தாண்டி வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். மழை பெய்தால் மட்டும் வகுப்பு இல்லை.