மணலில் எழுதிப் படித்த ஜெர்மன் வாத்தியார்: சீகன்பால்கும் நம் நீதிநூல்களும்

ரந்தாவ், லாபு, பகாவ் எனத் தோட்டப்புறங்களைச் சுற்றியுள்ள நெகிரி செம்பிலான் தமிழ்ப்பள்ளிகளில், கொன்றை வேந்தனும் உலகநீதியும் தெரியாத பிள்ளைகள் இல்லை. செய்யுளும் மொழியணியும் பகுதியில் ஆண்டுதோறும் அவை வருகின்றன. மனனம் செய்கிறார்கள், பொருள் எழுதுகிறார்கள். அதோடு நாமும் விட்டுடுறோம். இதே சின்ன நூல்களை 1708-ஆம் ஆண்டிலேயே ஒரு ஜெர்மானியர் தம் தாய்மொழியில் பெயர்த்தார் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைங்க நிமிர்ந்து உட்காருவாங்க. அவர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே நகரில் பேராசிரியர் பிராங்கேயிடம் படித்தபோது உடல்நலம் குன்றிப் படிப்பு தடைப்பட்டது. பின்னர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், தம் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு அவரையும் புளுட்சோ என்பவரையும் சமயப் பணிக்கு அனுப்பினார். இருவரும் 1706 ஜூலை 9-இல் அங்கு வந்து சேர்ந்தனர்.

வந்தவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவர் செய்த ஏற்பாடு நம் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. வயது முதிர்ந்த திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்தார். 24 வயது இளைஞர் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிப் பழகினார். ஆனால் அந்த வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாததால் சொற்களுக்குப் பொருள் விளங்கவில்லை. அதற்காகப் போர்த்துகீசியம் முதலிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொண்டார். எழுத்துக்கு ஒருவர், பொருளுக்கு ஒருவர்.

அடுத்து ஏடுகளைத் தேடினார். தம் எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பி ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் செய்தார். 1708-இல் தம்மிடமிருந்த தமிழ் நூல்களுக்கு விளக்கக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் எழுதினார். நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் அதில் உள்ளன. அதே ஆண்டில்தான் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் படித்த நூல்கள் வழியாகவே தமிழர் வாழ்வைப் புரிந்துகொள்ளலாம் என்று அவர் கண்டார்.

கற்றவர் பள்ளியும் தொடங்கினார். 1707-இலேயே தரங்கம்பாடியில் சிறுவர்களுக்கு மட்டுமல்லாமல் சிறுமிகளுக்கும் பள்ளி ஏற்பட்டது. 1713-இல் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சு வேலை தொடங்கியது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் வெளிவந்தது.

இவை எதுவும் சுலபமாக நடக்கவில்லை. கோட்டைத் தளபதியோடு ஏற்பட்ட மோதலில், 1708 இறுதியில் டான்ஸ்போர்க் கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதம் சிறையில் இருந்தார். அதைவிடப் பெரிய அடி சொந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. 1713-இல் தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அந்தச் சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்பக் கூடாது என்று சொல்லி, பிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. கொன்றை வேந்தன், உலகநீதி மொழிபெயர்ப்புகள் அச்சேற 1930 வரை ஆயிற்று. சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-இல், 36 வயதில் காலமானார். இந்த உழைப்பு அச்சாகி அவர் பார்க்கவே இல்லை.

அவரை எப்படி மதிப்பிடுவது? மதமாற்றமே அவர் நோக்கம். தமிழர் சமயத்தைக் குறைத்துப் பேசிய இடங்களும் அவர் எழுத்தில் உண்டு. அதே எழுத்தில், தமிழர்களின் ஒழுக்கத்தையும் அறிவையும் ஐரோப்பியர் குறைவாக எண்ணியது தவறு என்றும் எழுதினார். தமிழ் நூல்களைப் படித்த பிறகே அந்த மாற்றம் வந்தது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் கட்டுரை நேர்மையாக இருக்கும்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். மலாயாவில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கில் தொடங்கியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய பிறகு, 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டம் வந்தாலும் பல இடங்களில் தனிக் கட்டடம் கிடையாது. பயிற்சி பெற்ற ஆசிரியரும் கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். இருந்தும் பால்மரக் காட்டுப் பிள்ளைகள் வாயில் கொன்றை வேந்தன் நின்றது. காரணம், அந்த நூல்கள் வாய்மொழியாகவே பயணம் செய்யக்கூடியவை. ஒரு வரி, ஒரு கருத்து. ஏடு இல்லாவிட்டாலும் நினைவில் நிற்கும். தரங்கம்பாடியில் சீகன்பால்குக்கு மொழிப் படியாக இருந்த அதே நூல்கள்தாம் லயத்துப் பிள்ளைகளுக்கும் முதல் படியாக இருந்தன.

தேர்வு எழுதும் மாணவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருங்கள். ஒன்று: தமிழில் முதல் அச்சு நூலை வெளியிட்டவர் சீகன்பால்கு என்று எழுதிடாதீங்க. 1578-இலேயே கொல்லத்தில் அன்றீக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. இரண்டு: நீதிநூல்களை மொழிபெயர்த்த ஆண்டையும் அவை அச்சான ஆண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இடையில் 222 ஆண்டுகள் உள்ளன.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. உலகநீதி பாடம் நடத்தும் நாளில், ஒரு வரியை மலாயிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். எந்தச் சொல் இடறுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மனப்பாடமாக ஒப்புவித்த வரிக்குப் பொருள் தேடி, அவங்களே உங்களிடம் வந்து கேட்பாங்க.